கல் இல்லாத இடத்தில் நிறுத்துவது

அந்த ஊர் நடைபாதைகளில் எந்த விளிம்புக்கல் ஒரு சாண் உயரம், எது ஆடும், எது மழையில் வழுக்கும் என்கிற விவரம் நகராட்சியிடம் கிடையாது. அவளிடம் உண்டு. வங்கிக்கு முன்னால் இருப்பது முதல் தரமான கல். தபால் அலுவலகத் திருப்பத்தில் இருப்பது பார்க்க லட்சணமாக இருக்கும், காலை வைத்தால் உள்ளே இறங்கும். பள்ளிக்கூட சிக்னலில் கல்லே இல்லை. அதனால் அவள் அந்த வழியாகப் போவதே இல்லை.

அவள் உயரம் நாலடி பத்தங்குலம். மோட்டார் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து இருபது வருஷமாகிறது. ஓடுகிற வண்டி யாருடைய உயரத்தையும் கேட்பதில்லை. நிற்கிற வண்டிதான் காலைக் கேட்கும். சிக்னலில் மற்றவர்கள் கோட்டைப் பார்த்து நிறுத்துவார்கள், அவள் கல்லைப் பார்த்து நிறுத்துவாள். இடது காலைக் கல்லின் மேல் தூக்கி வைத்துவிட்டால் போதும், பக்கத்தில் நிற்கும் லாரிக்காரனைக்கூட நிதானமாக மேலும் கீழும் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வண்டியில் ஊர் சுற்றும் கோஷ்டி ஒன்று உண்டு. அதிலிருக்கும் பிளம்பர்தான் அவளுக்குப் 'படிக்கல்' என்று பேர் வைத்தவன். பேர் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதால் அவளுக்கும் கோபம் வரவில்லை.

வாரத்தில் ஆறு நாள் அவள் டெண்டல் லேபில் பல் செட் செய்கிறாள். பல் டாக்டர் எடுத்து அனுப்பும் வாய் அளவில் பிளாஸ்டர் ஊற்றி, அச்சு எடுத்து, மெழுகில் பற்களை வரிசையாக நட்டு, மேலும் கீழும் கடிக்கவிட்டுப் பார்ப்பாள். ஒரு நூல் உயரம் கூடிவிட்டால் ஆள் சாப்பிட முடியாது. குறைந்துவிட்டால் கன்னம் ஒட்டிப்போகும். வந்த அச்சைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறான், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறானா என்று சொல்லிவிடுவாள். தேய்மானம் பொய் சொல்லாது என்பது அவளுடைய கட்சி. லேபில் ஒரு விதி உண்டு. யார் வாயில் என்ன இருக்கிறது என்பதை வாசல் தாண்டிச் சொல்லக்கூடாது.

இந்த விதியால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் சிரமம். கோஷ்டியின் தலைவரைக் கேப்டன் என்பார்கள். லிஃப்ட் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். ஐம்பத்தெட்டு வயது, முறுக்கிய மீசை, மூன்று விரல்கடை தடிமனில் அடிப்பாகம் வைத்த பூட்ஸ். அவர் அடிக்கடி வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் மேல்வரிசை முன்பற்கள் நாலும் அவள் செய்தவை. அளவோடு லேபுக்கு வந்த சீட்டில் எழுதியிருந்த பேரைப் பார்த்து அவளுக்குத் தெரியும். அவள்தான் செய்தாள் என்பது கேப்டனுக்குத் தெரியாது. கேப்டன் சிரிக்கும்போதெல்லாம் அவள் தன்னையறியாமல் இரண்டாவது பல்லைப் பார்ப்பாள். அது அரை நூல் வெளியே நிற்கிறதோ என்று ஒரு சந்தேகம்.

கணவன் கண்ணாடிக் கடைக்காரன். ஆறடி ஒரு அங்குலம். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, பஸ்ஸில் போவான். பஸ்ஸில் முழங்காலை வைத்துக்கொள்ள இடமில்லாமல் திண்டாடுவான்.

"கடவுள் காலையெல்லாம் தப்பான ஆளுக்கு டெலிவரி பண்ணிட்டாருங்க" என்பாள் அவள்.

"வேணும்னா சொல்லு, ஒரு ஞாயித்துக்கிழமைக்கு வாடகைக்குத் தர்றேன்" என்பான் அவன்.

அவளுக்குக் கால் தேவைப்பட்டது ஒரே ஒரு இடத்தில்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை கோஷ்டி மலைக்குப் போகும். அடிவாரத்து டீக்கடை வரை தார் ரோடு. அதற்கு மேல் ஏழு கிலோமீட்டர் கல்லும் சரளையுமான வழி. உச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம். அங்கே நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி என்று இரண்டு தண்ணீரும் ஒரே நேரத்தில் தெரியும் என்பார்கள். அவள் பார்த்ததில்லை. கோஷ்டியில் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. இரண்டாவது வருஷம் தன் சின்ன வண்டியிலேயே ஏறிப் பார்த்தாள். மூன்றாவது வளைவில் முஷ்டியளவு கல் ஒன்று இன்ஜினின் அடிவயிற்றில் அடித்து ஆயில் மொத்தமும் கொட்டிவிட்டது. வண்டியும் அவளும் ஒரு டெம்போவில் ஊர் திரும்பினார்கள்.

உயரமான வண்டி வேண்டும். மற்ற எல்லாரிடமும் அதுதான் இருந்தது, அட்வென்ச்சர் பைக். அதில் அவள் உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கும். கல் இருந்தால் சமாளித்துவிடுவாள். ஆனால் உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் வழியின் குறுக்கே ஒரு சங்கிலி கட்டியிருக்கும். செங்குத்தான ஏற்றம். காவலாளி வந்து வண்டி நம்பரை எழுதிக்கொண்டு சங்கிலியை இறக்கும் வரை அங்கே நின்றே ஆகவேண்டும். யாருக்கும் விதிவிலக்கு இல்லை.

"அங்க கல்லு கில்லு ஒண்ணும் கிடையாதும்மா" என்று கேப்டன் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். "மொட்டை ரோடு. உனக்குச் சரிப்படாது. நீ கீழ இருந்து பையைப் பாத்துக்கோ."

அவள் பையைப் பார்த்துக்கொண்டாள். டீக்கடை பெஞ்சில் நாலு பை, நாலு மழைக்கோட்டு, ஒரு படிக்கல். ஆறுதலுக்கு பிளம்பர் ஒவ்வொரு முறையும் உச்சியிலிருந்து ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பான். "அக்கா, உனக்குன்னே கொண்டாந்தேன்." லேப் ஜன்னலில் அப்படி ஏழு கற்கள் காகிதங்களை அழுத்திக்கொண்டிருந்தன.

"மேல கல்லே இல்லன்னு கேப்டன் சொல்றாரு. நீ வருஷா வருஷம் எங்கேர்ந்து கொண்டு வர்றே?"

"அது சின்னக் கல்லுக்கா. அவரு சொல்றது பெரிய கல்லு."

இந்த வருஷம் மலைக்குப் போவதற்குப் பத்து நாள் முன்னால் ஷோரூமிலிருந்து அழைப்பு வந்தது. கேப்டன் வைத்திருக்கும் அதே அட்வென்ச்சர் பைக்கைக் கம்பெனி அடியோடு மாற்றி வடிவமைத்திருக்கிறது. கோஷ்டி வந்து ஓட்டிப் பார்த்து உள்ளது உள்ளபடி கருத்துச் சொல்லவேண்டும். சொன்னால், யாராவது ஒருவர் அந்த வண்டியை மலைப் பயணத்துக்கு ஒரு நாள் எடுத்துப் போகலாம்.

ஞாயிறு காலை ஷோரூம் வாசலில் எல்லாரும் கூடினார்கள். ஷோரூம் பெண் உறையை உருவினாள். பிளம்பர் வண்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தான்.

"மூக்கு எங்க?"

பழைய வண்டிக்கு முன்சக்கரத்துக்கு மேலே அலகு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். புதியதில் அது இல்லை. தட்டை முகம், இரண்டு சின்ன விளக்கு.

"செவுத்துல போய் முட்டிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார் கேப்டன்.

அவளுடைய கொழுந்தன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அவனுக்கு கோஷ்டியில் பேர் கையேடு. வண்டி வெளிவருவதற்கு மூன்று மாதம் முன்பே அதைப் பற்றி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிடுவான். "அண்ணி, இதப் பாருங்க. முன்னால ரேடார். முன்னாடி போற வண்டியப் பாத்துத் தானா வேகத்தக் குறைச்சுக்கும்."

"அதுக்கு ரேடார் எதுக்குடா?" என்றான் பிளம்பர். "பின்னால என் பொண்டாட்டி உக்காந்தாலே போதும்."

"கிளட்ச் கிடையாது. அதுவே போட்டுக்கும், அதுவே எடுத்துக்கும். அப்புறம் நிறுத்தப் போறோம்னு தெரிஞ்சா வண்டி தானா இறங்கும், கிளம்பினா ஏறிக்கும்."

"இறங்கும்னா?" என்று அவள் கேட்டாள்.

"உயரம் குறையும் அண்ணி."

அவள் ஹெல்மெட்டின் வாரை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

முதலில் பிளம்பர் போனான். திரும்பி வந்து நிறுத்தும்போது அவனுடைய இடது கை கிளட்சைத் தேடி விரல்களை மடக்கியது. அங்கே ஒன்றும் இல்லை. கை திரும்பத் திரும்ப மடங்கிக்கொண்டே இருந்தது, காற்றில் பால் கறப்பதுபோல. வண்டி பாட்டுக்கு சாதுவாக நின்றுவிட்டது. அவன் மட்டும் பதறிப்போய் இறங்கினான்.

"உசுரே போயிடுச்சு. கையில ஒண்ணுமில்ல!"

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்துக் கொழுந்தன் போனான். கிளட்ச் கிடையாது என்பதை ஒப்பித்தவனே அவன்தான். அவனும் வந்து நிறுத்தும்போது பால் கறந்தான்.

கேப்டன் போனார். ஷோரூம் குறித்துக் கொடுத்த சுற்று எட்டு நிமிஷம். அவர் இருபத்திரண்டு நிமிஷம் கழித்து வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார், மீசையை நீவினார், தீர்ப்பு சொன்னார்.

"இது வண்டியே இல்ல. லிஃப்ட்."

"லிஃப்டை நீங்க குறை சொல்லலாமா கேப்டன்?" என்றான் பிளம்பர். "ஊரையே ஏத்தி இறக்குற ஆளு."

"லிஃப்ட் இருக்கவேண்டிய இடத்துல இருக்கணும்டா. தானா கியர் போடுது, தானா பிரேக் பிடிக்குது, தானா குனியுது. நான் எதுக்கு? மேல உக்காந்துட்டு வர்ற மூட்டையா?" அவளிடம் திரும்பினார். "சத்தமே இல்லம்மா. ஒரு அதிர்வு இல்ல. வண்டின்னா உக்காந்ததும் பல்லு கிடுகிடுன்னு ஆடணும். அதான் வண்டி."

அவள் தரையைப் பார்த்தாள். ஆடக்கூடாது என்பதற்காக மூன்று முறை திருப்பி வாங்கிச் சரிசெய்து கொடுத்த பல்.

"அதுல திரை வேற" என்றான் பிளம்பர். "டீவியாட்டம். ரோட்டப் பாக்கறதா, அதப் பாக்கறதா? வேண்டவே வேண்டாம்ப்பா." சொல்லிவிட்டு, "முதல் தடவை பதட்டத்துல சரியாப் பாக்கல" என்று இன்னொரு சுற்றுப் போனான். கொழுந்தனும் ரேடாரைச் சோதிக்கவேண்டும் என்று இன்னொரு சுற்றுப் போனான். திரும்பி வந்து, எந்திரத்தை நம்பி மனிதன் கெட்டான் என்கிற பொருளில் கொஞ்ச நேரம் பேசினான். கேப்டனின் கை மட்டும் அதுவரை அந்த வண்டியின் டேங்கின் மேலேயே கிடந்தது. அதை அவள் பார்த்தாள். வாய் ஒன்று சொன்னால் தாடை வேறு சொல்லும், அவள் தொழிலில் இது சகஜம்.

"அக்கா, நீங்க?" என்றாள் ஷோரூம் பெண்.

சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல மெல்லத் தாழ்ந்தது. அவள் காலைப் போட்டு ஏறினாள். இரண்டு பாதங்களின் முன்பாதியும் தரையில். சந்தேகத்தோடு கீழே குனிந்து பார்த்தாள். தரையேதான்.

சுற்று எப்படி இருந்தது என்று கேட்டால் அவளால் சரியாகச் சொல்ல முடியாது. லாரியை ஒட்டிப் போனபோது அதன் ஜன்னல் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. பள்ளிக்கூட சிக்னல் வழியாகப் போனாள். சிவப்பு விழுந்திருந்தால் நின்றும் பார்த்திருக்கலாம், பச்சையாக இருந்து தொலைத்தது. சிரித்துக்கொண்டே வந்தாள் என்று பிளம்பர் பிற்பாடு சொன்னான், ஹெல்மெட்டுக்குள் இருந்தும் தெரிந்ததாம்.

ஷோரூம் வாசலில் பூந்தொட்டிகளுக்கு முன்னால் ஒரு விளிம்புக்கல் உண்டு. நல்ல கல், ஒரு சாண். கோஷ்டி முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அவள் வளைந்து வந்தாள். யோசிக்கவே இல்லை, வண்டி தானாக அந்தக் கல்லுக்குப் போனது. இருபது வருஷப் பழக்கத்தில் இடது காலைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தாள். அதே நேரம் வண்டி, நிற்கப் போகிறார்களே என்று மரியாதையாகக் குனிந்தது.

கல் எதிர்பார்த்ததற்கு முன்பே காலுக்கு வந்துவிட்டது. முழங்கால் நெஞ்சுக்கு ஏறியது. கல்லில் ஊன்றிய கால் வண்டியை வலது பக்கம் தள்ளியது. வலது கால் தரையைத் தேடி எங்கோ தொலைவில் துழாவியது. தரை பக்கத்திலேயே இருந்தது. அந்தக் கால் அதை நம்பவில்லை.

வண்டியும் அவளும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். பெரிய விழுகை இல்லை, படுக்கையில் புரண்டு படுப்பதுபோலத்தான். ஹேண்டில்பாரின் கைக்காப்பில் ஒரு கோடு விழுந்தது. 'வண்டி சாய்ந்துள்ளது' என்று திரையில் எழுத்து வந்தது.

"அதையும் சொல்லிடுச்சு பாரு" என்றான் பிளம்பர், தூக்கிவிட்டுக்கொண்டே. "படிக்கல்லையே கல்லு தடுக்கிடுச்சே அக்கா."

"அடி பட்டுச்சா அண்ணி?"

"வண்டிக்கா எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

முழங்கையில் சிராய்ப்பு. அதைவிடக் காது எரிந்தது. ஷோரூம் பெண் கோட்டைத் தடவிப் பார்த்து, "கைக்காப்பு மாத்திக்கலாம்க்கா, இதுக்குன்னு தனியா பெட்டி நிறைய வெச்சிருக்கோம்" என்றாள். பிறகு எல்லாரிடமும் கருத்துப் படிவத்தைக் கொடுத்தாள். "சரி, மலைக்கு யார் எடுத்துட்டுப் போறீங்க?"

எல்லாரும் கேப்டனைப் பார்த்தார்கள். கேப்டன் வானத்தைப் பார்த்தார். சற்று முன்னால்தான் வண்டியே இல்லை என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார். வாயை விட்டுவிட்டு இப்போது கையை நீட்ட முடியாது. பிளம்பர் 'வேண்டவே வேண்டாம்' என்று சொல்லியிருந்தான். மனிதன் கெட்ட கதையைக் கொழுந்தன் இப்போதுதான் முடித்திருந்தான். மூன்று பேருக்கும் ஆசை மூக்கு முட்ட இருந்தது. கேட்க முகம் இல்லை.

"நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள் அவள்.

"நீயா?" என்றார் கேப்டன். "இப்பதானேம்மா விழுந்தே."

"உங்க யாருக்கும்தான் பிடிக்கலையே."

"பிடிக்கலன்னு இல்ல..." என்று ஆரம்பித்தான் பிளம்பர்.

"பிடிச்சிருக்கா?"

"சேச்சே."

"அப்புறம் என்ன?"

கேப்டன் தொண்டையைச் செருமினார். "சங்கிலிகிட்ட என்ன பண்ணுவே? மொட்டை ரோடுன்னு சொல்லியிருக்கேன். கல்லு இருந்தே இந்தக் கதி."

"கல்லு இருந்ததாலதான் கேப்டன் இந்தக் கதி."

ஷோரூம் பெண் அவள் பேரை எழுதிக்கொண்டு ஒரு நிபந்தனை சொன்னாள். இந்த வண்டிதான் எல்லாருக்கும் முன்னால் போகவேண்டும். பின்னால் போனால் மற்ற வண்டிகள் வாரியடிக்கும் சரளை ரேடார் மேல் பட்டுவிடும். அதுவரை எந்தப் பயணத்திலும் கேப்டனுக்கு முன்னால் ஒருவரும் போனதில்லை. "ரேடாருக்காகன்னா சரி" என்றார் கேப்டன்.

ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் கற்களை மறக்கப் பாடுபட்டாள். தன் சின்ன வண்டியில் வங்கிக் கல்லைத் தாண்டிப் போய் நடுச்சாலையில் நுனிக்காலில் நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஹாரனில் திட்டினார்கள். வேலை முடிந்ததும் கணவனைக் கூட்டிக்கொண்டு விளையாட்டு மைதானத்துக்குப் போனாள். அவன் நீளக் கால்களால் வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே திடீர் திடீரென்று, "நிறுத்து" என்பான்.

"இங்கயா? இங்க ஒண்ணுமே இல்லையே."

"அதுக்குத்தானே நிறுத்தச் சொல்றேன்."

"பக்கத்துல வராதீங்க. உங்களப் பாத்தா உங்க மேல கால வைக்கணும்னு தோணுது."

"கல்யாணத்துலேர்ந்தே அப்படித்தானே" என்று சொல்லி அவன் நாலடி தள்ளிப் போனான்.

வியாழக்கிழமை வாக்கில் கண் கல்லைத் தேடுவதை நிறுத்திவிட்டது. கால் மட்டும் சனிக்கிழமை வரை தேடியது.

ஞாயிறு. டீக்கடையில் இந்த முறை பைகளைக் கடைக்காரரிடமே ஒப்படைத்தார்கள். அவர், "அம்மா இருக்கமாட்டாங்களா?" என்று நம்பிக்கையில்லாமல் கேட்டார். அவள் முன்னால் கிளம்பினாள், அடுத்துக் கேப்டன், பிறகு மற்ற இருவர். டெம்போவில் திரும்பிய மூன்றாவது வளைவு வந்தது, போனது. முஷ்டியளவு கற்கள் சக்கரத்தின் கீழ் உருண்டன. வண்டி எம்பி எம்பி ஏறியது. வளைவுகளில் இடது கை இரண்டு மூன்று தடவை காற்றைக் கறந்தது. அதைப் பார்க்க ஆள் இல்லை. ஆறாவது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சங்கிலி வரப்போகிறது.

வந்தது. கேப்டன் சொன்னபடியே செங்குத்து. குறுக்கே துருப்பிடித்த சங்கிலி, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம், வலது பக்கம் காவலாளியின் தகரக் கொட்டகை.

இடது பக்கக் கம்பத்தை ஒட்டி ஒரு கல் இருந்தது.

கல் என்றால் அப்படிக் கல். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல், தட்டை முகம், ஒரு பெரிய பாதம் உட்காரும் அகலம். அவள் வாழ்க்கையில் பார்த்த கற்களில் வங்கிக் கல்லுக்கு மேல் இதைத்தான் சொல்லவேண்டும். அதன் நடுப்பகுதி வழுவழுவென்று தேய்ந்து மின்னியது. அதில் ரப்பர் தேய்த்த கறுப்புக் கோடுகள். கோடுகள் வெளிவிளிம்பில் அழுத்தமாகவும் உள்ளே லேசாகவும் இருந்தன. இடது பூட்ஸ். வெளிக்குதிகாலில் ஊன்றி நிற்கும் ஆள். தடித்த அடிப்பாகம். அச்சைப் பார்த்து ஆளைச் சொல்லும் வேலையில் பதினைந்து வருஷம் இருந்தவளுக்கு இதற்குமேல் சீட்டு தேவையில்லை.

ஒன்பது வருஷமாக ஏன் அவர் மட்டுமே முன்னால் போனார் என்பதும் அப்போது விளங்கியது. சங்கிலியில் கல் ஒன்றுதான். முதலில் வருகிறவருக்குத்தான் கல்.

இடது கால் துடித்தது. 'போகாதே' என்று வாய்விட்டே சொன்னாள். கல்லையும் அதற்குப் பக்கத்து இடத்தையும் விட்டுவிட்டு, சாலையின் நட்டநடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் பிரேக் பிடித்தாள். வண்டி குனிந்தது. இரண்டு காலையும் ஒன்றாகக் கீழே விட்டாள். சரளை கொஞ்சம் நகர்ந்தது, பிறகு நின்றது. வண்டியும் நின்றது. அவளும் நின்றாள். மலை முழுவதும் சரிவாக இருக்க அவள் மட்டும் நேராக.

பின்னால் கேப்டன் வந்தார். கடைசி வளைவில் திரும்பியதும் அவளையும் கல்லையும் ஒரே பார்வையில் பார்த்திருக்கவேண்டும், வண்டி கொஞ்சம் தடுமாறியது. நேராக அவளுக்குப் பின்னால் நிற்கலாம், மொட்டை ஏற்றத்தில். இல்லை கல்லுக்குப் போகலாம், அவள் கண்முன்னால். முழங்காலும் ஐம்பத்தெட்டு வயதும் சேர்ந்து முடிவு செய்தன. கம்பத்தை ஒட்டி வந்து இடது பூட்ஸைக் கல்லின் மேல் வைத்தார். சாவி பூட்டில் இறங்குவதுபோல அது சரியாக உட்கார்ந்தது.

பிளம்பரும் கொழுந்தனும் இன்னும் இரண்டு வளைவு கீழே இருந்தார்கள். சத்தம் மட்டும் ஏறி வந்துகொண்டிருந்தது.

அவளிடம் சொல்ல நிறைய இருந்தது. ஏழு வருஷத்து டீக்கடை பெஞ்சு இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்தால் மற்ற இருவரும் வந்துவிடுவார்கள். பிளம்பர் காதில் விழுந்தால் போதும், புதுப் பேர் மாலைக்குள் ஊரெல்லாம் பரவிவிடும். படிக்கல் என்ற பேர் கைமாறிவிடும்.

கேப்டன் முன்னால் பார்த்துக்கொண்டு மீசையை நீவினார். அவருக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

"கேப்டன்" என்றாள்.

"ம்."

"பாத்து ஊணுங்க. கல்லு லேசா ஆடுது."

"எந்தக் கல்லு?" என்றார் கேப்டன், அதன்மேல் நின்றுகொண்டு.

அவள் சிரித்துவிட்டாள். சற்றுப் பொறுத்து அவரும் சிரித்தார், வாய்விட்டு, மேல்வரிசை முழுவதும் தெரிய. இரண்டாவது பல் அரை நூல் வெளியேதான் நின்றது, சந்தேகமே இல்லை. ஆனால் நன்றாகப் பிடித்திருந்தது. ஆறு கிலோமீட்டர் கிடுகிடுவென்று வந்தும் ஆடவில்லை.

காவலாளி நோட்டுப் புத்தகத்தோடு கொட்டகையிலிருந்து வந்தார். "என்ன சார், இன்னைக்கு ரெண்டாவதா வர்றீங்க?" என்று கேப்டனைக் கேட்டவர், அவளைப் பார்த்து நின்றார். அவள் காலைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "புதுசா இருக்கே. எப்பவும் முதல்ல வர்றவங்க அங்கதானே..."

"நம்பர் எழுதிக்குங்க அண்ணே" என்றாள் அவள் அவசரமாக.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளம்பரும் கொழுந்தனும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் நீளக் கால்களை ஊன்றிச் சரிவில் ஒருமாதிரி தொங்கிக்கொண்டு நின்றார்கள். கேப்டனின் வண்டிக்கு அந்தப் பக்கம் இருந்த கல் அவர்கள் கண்ணில் படவில்லை.

"அக்கா நிக்குதுடா!" என்று பிளம்பர் கத்தினான். "நடு ரோட்டுல! ஒண்ணுமே இல்லாம!"

"அண்ணி, கால் எட்டுதா?"

"எட்டுது."

"நான் சொன்னேன்ல, தானா இறங்கும்னு."

"வண்டிதான் இறங்குச்சு" என்றார் கேப்டன், யாரையும் பார்க்காமல். "கல்லை விட்டுட்டு நின்னது அந்தம்மா." சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் சட்டென்று சேர்த்துக்கொண்டார். "அதாவது, கல்லு இருந்திருந்தா."

காவலாளி சங்கிலியை அவிழ்த்தார். அது சரளையில் சலசலத்து விழுந்தது. இடது கை வழக்கம்போல ஒருமுறை காற்றைக் கறந்தது, அதை அவள் தடுக்கவில்லை. வண்டி நகர்ந்தது, நகர நகர அவளைத் தூக்கிக்கொண்டே உயர்ந்தது. கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு பேர் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கேப்டன் இன்னும் கல்லைவிட்டுக் காலை எடுக்கவில்லை, ஊன்றித் தள்ளிக் கிளம்ப அது வேண்டும்.

அவர் வரட்டும் என்று கோபுரத்துக்கு முந்தைய வளைவில் அவள் ஓரமாக நிறுத்தினாள். கல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அங்கிருந்தே கடல் தெரிந்தது. ஏரிக்கு இன்னும் நூறடி ஏறவேண்டும்.